சர்க்கரைப் புண்ணும் கொல்லிமலைக்காரரும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். உங்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டிவிட்டீர்கள், அதனால் சர்க்கரை போடாமல்.

"சர்க்கரைக்காரன் உடம்புல புண்ணு வந்தா ஆறாதுப்பா." இதைக் கேட்காத வீடு நம் பக்கத்தில் இருக்காது. துக்க வீட்டிலும் சொல்வார்கள், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் சொல்வார்கள், படித்தவர்களும் சொல்வார்கள். இதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். மிச்சப் பாதி தெரியாததால் எத்தனையோ கால்கள் போயிருக்கின்றன. அந்த மிச்சப் பாதியை யார், எங்கே, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் இன்று எழுதப்போகிறேன்.

வரலாற்று வாத்தியாருக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வைத்தியம் சொல்ல உங்கள் டாக்டர் இருக்கிறார். நான் சொல்வது வரலாறு. இந்த வரலாற்றில் பெரும்பகுதி செங்கல்பட்டிலும் வேலூரிலும் நடந்தது. அதில் முக்கியமான மனிதர், நம் பள்ளி மைதானத்தில் நின்றால் தெரியுமே, அந்தக் கொல்லிமலையில் பிறந்தவர்.

முதலில் லண்டன். 1884-இல் ஃப்ரெடெரிக் ட்ரீவ்ஸ் என்ற அறுவை மருத்துவர் உள்ளங்காலில் குழி விழும் புண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். "யானை மனிதன்" என்று அழைக்கப்பட்ட ஜோசப் மெரிக்குக்கு அடைக்கலம் கொடுத்தவர் இவர்தான். பின்னால் 1902-இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவையே தள்ளிவைக்கச் சொல்லி, அவர் வயிற்றுக் கட்டியைக் கீறியவரும் இவர்தான். உள்ளங்கால் புண்ணுக்கு இவர் செய்த வைத்தியம் ஆடம்பரமில்லாதது. ஆளியை அரைத்துப் பற்றுப் போட்டு, புண்ணைச் சுற்றிக் கல்போல் இறுகியிருக்கும் காய்ப்பை ஊறவைப்பார். ஊறியதும் சீவி எடுப்பார். மறுபடி பற்று, மறுபடி சீவல். நோயாளி படுக்கையில் இருக்க வேண்டும், காலை ஊன்றக் கூடாது. புண் ஆறியது. மூன்றே ஆண்டு கழித்து, 1887-இல், பிரைஸ் என்ற இன்னொரு மருத்துவர் இதே மாதிரிப் புண் இரண்டு பாதங்களிலும் வந்திருந்த ஒரு நீரிழிவு நோயாளியைப் பற்றி எழுதினார். காலுக்குப் போகும் நரம்புகள் கெட்டிருந்ததையும் அவர் கவனித்திருந்தார்.

காய்ப்பைச் சீவு, காலுக்கு ஓய்வு கொடு, நரம்பைப் பார். இன்றைய வைத்தியத்தின் முக்கால் பங்கு 1887-லேயே எழுதப்பட்டுவிட்டது. அப்புறம் மறந்துபோனார்கள். ஒரு விஷயத்தைக் கண்டுபிடிப்பதற்கும் அது ஊருக்குத் தெரிவதற்கும் நடுவே எவ்வளவு காலம் ஆகும் என்று வகுப்பில் நான் சொல்லிச் சலித்ததுதான்.

மறந்ததற்குக் காரணமும் இருந்தது. அந்தக் காலத்தில் கடுமையான சர்க்கரை வந்தவர்கள், பாதத்தில் புண் வருகிற அளவுக்கு உயிரோடு இருப்பதே அரிது. இன்சுலின் வந்த பிறகுதான் கதை மாறியது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். நினைவிழந்து சாக இருந்தவர்கள் பிழைத்து எழுந்தார்கள். பத்து, இருபது ஆண்டு வாழ்ந்தார்கள். வாழ்ந்தவர்களுக்குக் கால் அழுக ஆரம்பித்தது.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் பாஸ்டன் நகரத்து எலியட் ஜாஸ்லின். 1934-இல் நீரிழிவு அழுகலின் அபாயம் பற்றி எழுதியபோது, இது தெய்வம் அனுப்பிய தண்டனை இல்லை, மனிதர் கவனக்குறைவால் வருவது, ஆகவே தடுக்க முடியும் என்று வாதாடினார். அவர் ஆஸ்பத்திரியில் பாதத்தைக் கழுவவும், நகம் வெட்டவும், காய்ப்பைப் பார்க்கவும் தனியாக ஆள் வைத்தார்கள். பெனிசிலின் வந்த பிறகு 1949-இல் அதே ஆஸ்பத்திரியின் மெக்கிட்ரிக், காலை முழுவதும் எடுக்காமல் பாதத்தின் முன்பகுதியை மட்டும் எடுத்து மிச்சத்தைக் காப்பாற்றும் அறுவையைப் பற்றி எழுதினார். அதற்கு முன்பெல்லாம் விரலில் அழுகல் என்றாலும் தொடையில்தான் ரம்பம்.

ஆனாலும் அடிப்படைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. புண் ஏன் வருகிறது? ஏன் ஆறமாட்டேன் என்கிறது? "சர்க்கரை உடம்பு, சதை கெட்ட சதை" என்பதுதான் பொதுவான பதில். இதே பதிலை உலகம் இன்னொரு நோய்க்கும் சொல்லிக்கொண்டிருந்தது. தொழுநோய். நம் பாட்டிமார் வாயால் சொல்லவே கூசிய பெருநோய்.

இனி கொல்லிமலைக்கு ஏறுவோம்.

1914 ஜூலை 17-ஆம் தேதி அங்கே பிறந்தவர் பால் பிராண்ட். அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவ்லின், இருவரும் ஆங்கிலேய மிஷனரிகள். மலைமேல் வாழவந்தியில் தங்கி வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். நரம்புச் சிலந்திப் புழுவை அப்பா ஒரு குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வெளியே எடுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. ஒருநாள் தொழுநோய் வந்த அயலூர்க்காரர்கள் மலையேறி வந்தபோது, அப்பா கையுறை போட்டுக்கொண்டு அவர்கள் பாதங்களைக் கழுவிக் கட்டுப் போட்டதும், அந்தப் பக்கம் போய் விளையாடக் கூடாது என்று குழந்தைகளைத் தடுத்ததும் அவருக்குக் கடைசிவரை நினைவிருந்தது. ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1929-இல் அப்பா கடுமையான மலேரியா கண்டு மலையிலேயே இறந்துபோனார். மகன் அப்பாவைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

லண்டனில் குண்டு விழுந்த காலத்தில் அறுவை மருத்துவம் கற்று, 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையை நடத்திவந்த ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துச் சுற்றிக் காட்டினார். விரல்கள் மடங்கி, பறவைக் கால்போல் முடங்கிய கைகளைப் பார்த்த பிராண்ட், இதற்கு எலும்பு, தசை மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். யாரும் எதுவும் செய்யவில்லை, இதுவரை ஒருவரும் எட்டிப் பார்த்ததுகூட இல்லை என்றார் காக்ரேன். அங்கிருந்த ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, என் கையை அழுத்துங்கள் பார்ப்போம் என்றார் பிராண்ட். அந்த மனிதர் அழுத்திய அழுத்தில் இவருக்குக் கை வலித்தது. அவருக்கோ தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியவில்லை.

இரண்டு விஷயங்கள் ஒரே நொடியில் புரிந்தன. அந்தக் கையில் நல்ல தசை இருக்கிறது. உணர்ச்சி இல்லை.

தசை இருந்ததால் நல்ல தசைநார்களை இடம்மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தினார்கள். அந்த அறுவைகளால் பிராண்ட் உலகப் புகழ் பெற்றார். அது வேறு கதை. நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது விஷயம்.

அறுவை செய்த காயங்கள் எல்லாரையும் போலவே தொழுநோயாளிகளுக்கும் ஆறின. சதை கெட்ட சதை என்றால் அது எப்படி ஆறும்? அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த சல்போன் மருந்தால் கிருமி அடங்கி, இனி நோயில்லை என்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கும் பாதத்தில் புதுப் புண் வந்துகொண்டே இருந்தது. கிருமிதான் காரணம் என்றால் கிருமி போன பிறகு ஏன் வருகிறது?

வேலூரில் நவ ஜீவ நிலையம் என்று குடிசைகள் போட்டு நோயாளிகளைத் தங்கவைத்திருந்தார்கள். கையிலும் காலிலும் எந்தக் காயம் எப்போது, எதனால் வந்தது என்று ஒன்றுவிடாமல் துப்புத் துலக்க ஆரம்பித்தார் பிராண்ட். துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் சாவி போட்டுச் சிரமமில்லாமல் திறந்தான். பார்த்தால் விரலில் எலும்புவரை வெட்டு, ரத்தம் சொட்டுகிறது. அவனுக்கு வலிக்கவே இல்லை. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறுங்கையில் இறக்குகிறவர்கள். செருப்பில் ஆணி ஏறியது தெரியாமல் நாள் முழுக்க நடந்தவர்கள். எல்லாவற்றையும்விட விசித்திரம், இரவு படுக்கும்போது முழுசாக இருந்த விரல் காலையில் குறைந்திருக்கும். ஒருவரை விடிய விடியக் கண்விழித்துப் பார்க்கவைத்தார்கள். எலி வந்து கடித்துத் தின்றுவிட்டுப் போகிறது! மறுநாளே குடிசைக்குக் குடிசை பூனை வளர்த்தார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் ஒரு பூனையையும் கூடவே கூட்டிப்போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். மருத்துவ வரலாற்றில் பூனை மருந்துச் சீட்டில் ஏறியது வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

பாதத்துக்கு வருவோம். நமக்கு உள்ளங்காலில் வலி எடுத்தால் என்ன செய்கிறோம்? நமக்கே தெரியாமல் நொண்டுகிறோம். பாரத்தை மறு காலுக்கு மாற்றுகிறோம், பாதத்தைச் சாய்த்து வைக்கிறோம், உட்கார்ந்துவிடுகிறோம். வலி தெரியாதவர் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மிதித்துக்கொண்டே போகிறார். தோல் தடித்துக் காய்ப்பாகிறது. காய்ப்பு செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி உள்ளே அழுத்துகிறது. அதன் அடியில் சதை நசுங்கி, ரத்தம் கட்டி, ஒருநாள் வெளியே உடைகிறது. புண் வந்த பிறகும் வலி இல்லாததால் அதன்மேலேயே நடக்கிறார். சதை ஆறத்தான் பார்க்கிறது, ஒவ்வொரு அடியும் அதைக் கிழிக்கிறது. "ஆறாத புண்" என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை ஆறவிடாத புண்கள்.

ஆறவிடுவது எப்படி? மாவுக்கட்டு. தொழுநோய்ப் புண்ணுக்குக் காலில் கட்டுப் போட்டு நடக்கவிடுவதை 1930-களிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் செய்து பார்த்திருந்தார்கள். இலங்கையில் இதைச் செய்தவராகச் சொல்லப்படுபவர் கொழும்பின் புகழ்பெற்ற தமிழ் அறுவை மருத்துவர் மில்ராய் பால். இந்த முறையைத்தான் பிராண்டும் கூட இருந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். எலும்பு முறிவுக்குப் போடுவதுபோல் பஞ்சைத் திணித்துப் போடுவதில்லை. மெல்லிய உறை வைத்து, பாதத்தின் மேடு பள்ளம் எல்லாவற்றோடும் ஒட்டி, முழங்காலுக்குக் கீழ்வரை வடிப்பது. அப்போது உடம்பின் பாரம் ஒரு புள்ளியில் விழாமல் பாதம் முழுவதும், கெண்டைக்கால் வரையும் பரவிவிடுகிறது. நோயாளி எழுந்து நடக்கலாம், புண்ணுக்கு ஓய்வும் கிடைக்கும். கழற்ற முடியாது என்பதுதான் இதன் பெரிய அனுகூலம். கழற்ற முடிந்தால் நம் ஆட்கள் கழற்றிவிடுவார்கள்.

நம் பழைய மாணவர் ஒருவர், லாரி ஓட்டுநர், இப்போது இந்தக் கட்டோடுதான் இருக்கிறார். பெயர் வேண்டாம் சார் என்றார். கேபினில் இன்ஜின் சூட்டின்மேல் கால் வைத்து இரவெல்லாம் ஓட்டியிருக்கிறார், வெந்தது தெரியவில்லை. கொப்புளம் புண்ணாகி இரண்டு மாதம் கட்டுமாற்றிக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறார். அவர் என்னைத் தொலைபேசியில் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "சார், புண்ணை உள்ள வெச்சு மாவுக்கட்டு போட்டா அழுகிடாதா?" நல்ல கேள்வி. புண்ணில் சீழ் இருந்தாலோ, காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ இந்தக் கட்டைப் போடவே மாட்டார்கள். அவை இரண்டும் இல்லை என்று பார்த்துத்தான் போடுவார்கள், வாரத்துக்கு ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ பிரித்துப் பார்த்து மாற்றுவார்கள். 1989-இல் அமெரிக்காவில் 40 நீரிழிவு நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். மாவுக்கட்டுப் போட்ட 21 பேரில் 19 பேருக்குச் சராசரியாக 42 நாளில் புண் ஆறியது. வழக்கம்போல் மருந்து வைத்துக் கட்டிய 19 பேரில் ஆறியது 6 பேருக்குத்தான். அழுகியதும் அவர்களில் சிலருக்குத்தான், மாவுக்கட்டுக்காரர்களுக்கு அல்ல.

தொழுநோய்க்கான கட்டு சர்க்கரைக்காரர் காலுக்கு எப்படிப் போனது? அதற்கு அமெரிக்கா போக வேண்டும்.

காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை அமைந்தது. அங்கே பாதத்துக்கென்றே செருப்புப் பட்டறை வைத்து, எத்தனையோ பொருளைச் சோதித்து, மென்மையான நுண்துளை ரப்பரில் வந்து நின்றார்கள். இன்று "எம்.சி.ஆர். செருப்பு" என்று சர்க்கரைக்காரர்களுக்குக் கடையில் தருகிறார்களே, அதன் பூர்வீகம் வேலூர் வட்டாரத் தொழுநோய்ப் பட்டறைதான். வாங்க வெட்கப்பட்ட ஒரு உறவினருக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். அவருக்குத் தெரியும்.

1966-இல் பிராண்ட் லூசியானா மாநிலத்தின் கார்வில் என்ற ஊருக்குப் போனார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமெரிக்க அரசின் தொழுநோய் மருத்துவமனை அங்கே இருந்தது. 1894-இல் அதற்கு இடம் கொடுக்க யாரும் முன்வராமல், கைவிடப்பட்ட ஒரு கரும்புத் தோட்டத்தில்தான் நோயாளிகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். கரும்புத் தோட்டம்! சர்க்கரைக் காலின் ரகசியம் அங்கேதான் அவிழ வேண்டும் என்று இருந்திருக்கிறது.

அங்கே நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அதே இடத்தில் புண், அதே காய்ப்பு, அதே மடங்கிய விரல்கள். செங்கல்பட்டில் பார்த்த அதே பாதம். தொழுநோய்க் கிருமி செய்த வேலையை இங்கே சர்க்கரை செய்திருந்தது. நரம்பைச் சாகடித்திருந்தது. அந்தப் பாதங்களுக்கு உரியவர்களோ தங்களுக்கு உணர்ச்சி குறைந்திருப்பதையே அறியவில்லை. மதமதப்பு, எரிச்சல் என்றால் தெரியும். இல்லாத உணர்ச்சியை எப்படித் தெரிந்துகொள்வது?

பிராண்ட் எலியின் பாதத்தை வைத்து ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி மரத்த எலிப் பாதத்தில் ஓர் இயந்திரம் மெல்லத் தட்டும். ஒரு தட்டில் ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கில் தட்டினால் சிவந்து வீங்கும். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே இடத்தில் தட்டினால் புண்ணாகிவிடும். இடையில் ஓய்வு விட்டால் தாங்கிக்கொள்ளும். வெட்டும் குத்தும் இல்லாமலேயே வெறும் நடையால் புண் வரும் என்பது இப்படி நிரூபணமானது. உடையப்போகும் இடம் முன்கூட்டியே சுடும் என்பதையும் அவர் கையால் தொட்டே கற்றிருந்தார். பிற்காலத்தில் அதை அளந்து பார்த்தார்கள். ஒரு பாதத்தின் ஓர் இடம் மறு பாதத்தின் அதே இடத்தைவிட 4 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதலாகச் சுட்டால் அது எச்சரிக்கை. உடனே நடையைக் குறைத்தவர்களுக்குப் புண் வருவது வெகுவாகக் குறைந்தது.

இன்னொன்றும் முயன்றார். செயற்கை வலி. கையுறையிலும் காலுறையிலும் உணரிகள் வைத்து, அழுத்தம் கூடினால் ஒலி எழுப்பவும், கடைசியில் மின்அதிர்ச்சி கொடுக்கவும் கருவி செய்தார்கள். பல ஆண்டு உழைப்பு, ஏகப்பட்ட அரசுப் பணம். தோல்வி. காரணம் கேளுங்கள்: தொந்தரவாக இருக்கிறது என்று நோயாளிகள் அதை நிறுத்திவிட்டார்கள்! வலி என்றால் நிறுத்த முடியாததாக இருக்க வேண்டும்போல. பிராண்டே ஒருமுறை நீண்ட ரயில் பயணத்துக்குப் பின் குதிகாலில் ஊசியால் குத்திப் பார்த்து, உணர்ச்சி இல்லாமல், தொழுநோய் தொற்றிவிட்டது என்று இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தவர். காலையில் குத்தியபோது சுரீர் என்றது. வலிக்காக அன்று கடவுளுக்கு நன்றி சொன்னவர் அவர்.

உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் எளிய வழியும் கார்வில் தந்ததுதான். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை. மூளையில் அடிபட்ட போர்வீரர்களைச் சோதிக்க உருவான கருவி அது. 1986-இல் கார்வில்காரர்கள் அதை உள்ளங்காலில் வைத்துப் பார்த்து, இந்த இழை படுவது தெரியாதவர்களுக்குத்தான் புண் வருகிறது என்று காட்டினார்கள். தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும். கண்ணை மூடச் சொல்லி டாக்டர் இதை உங்கள் பாதத்தில் வைத்தாரா? வைக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், சங்கடம் வேண்டாம். அட்லாண்டாவின் கிரேடி ஆஸ்பத்திரியில் ஜான் டேவிட்சன் என்ற சர்க்கரை மருத்துவர் 1970-களில் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் நோயாளி செருப்பையும் காலுறையையும் கழற்றியே ஆக வேண்டும், பாதத்தைப் பார்த்தே ஆக வேண்டும். கால் எடுப்பது அங்கே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

நரம்பின் கதை இது. ரத்தக் குழாயின் கதை தனி, அது கொஞ்சம் கசப்பானது.

1959-இல் ஓர் ஆய்வு, சர்க்கரைக்காரர்கள் காலில் அடைப்பு இருப்பது கண்ணுக்கே தெரியாத மிகச் சின்னக் குழாய்களில் என்று சொன்னது. சின்னக் குழாயில் அடைப்பு என்றால் அறுவை செய்து சரிபண்ண முடியாது. ஆகவே காலை எடு. இந்த நம்பிக்கை 25 ஆண்டு ஓடியது. 1984-இல் பாஸ்டனின் லொஜெர்ஃபோவும் காஃப்மனும் அது தவறு என்று காட்டினார்கள். அடைப்பு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய குழாய்களில்தான். அதைத் தாண்டிப் பாதத்துக் குழாய் பலருக்கும் நன்றாகவே திறந்திருக்கிறது. காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து மாற்றுப் பாதை தைத்தால் பாதத்துக்கு ரத்தம் வரும். இன்று பலூன் விட்டு அடைப்பைத் திறப்பதும் சகஜமாகிவிட்டது.

என் பெரிய அக்காவின் வீட்டுக்காரருக்கு 1981-இல் தொடையோடு கால் எடுத்தார்கள். கட்டைவிரலில்தான் புண். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. "சர்க்கரைக் கால், சின்னக் குழாய் எல்லாம் அடைஞ்சிருக்கும், வைத்தியம் கிடையாது" என்று அந்த டாக்டர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. மாமா அதற்குப் பிறகு நான்கு ஆண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தறி மிதித்த கால் அது.

இப்போது புண் அழுகினால் என்ன செய்கிறார்கள் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பயம் போகட்டும் என்று. சீழ் இருந்தால் தாமதிக்காமல் கீறி வெளியேற்றுவார்கள். செத்த சதையைச் சுத்தமாக வெட்டுவார்கள். காயம் திடீரென்று பெரிதாகத் தெரியும், வீட்டார் அலறக் கூடாது. மெல்லிய கம்பியை உள்ளே விட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்ப்பார்கள். தட்டினால் எலும்பிலும் கிருமி போயிருக்கலாம். ஆழத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்பி அதற்கேற்ற மருந்து கொடுப்பார்கள். சர்க்கரையை இன்சுலினால் இறக்குவார்கள். பாதத்தில் நாடி பார்த்து, சந்தேகம் இருந்தால் ரத்தக் குழாயைப் படம் எடுப்பார்கள். இவை எல்லாம் ஆன பிறகுதான் கட்டும் ஓய்வும். இதில் ஒன்றை விட்டாலும் மற்றவை வீண். காலில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், இவர்களுக்கு இரண்டும் வராமலே அழுகும். சர்க்கரை திடீரென்று ஏறுவது, பாதம் சிவந்து சுடுவது, வாடை, காலுறையில் ஈரம், இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். புண்ணே இல்லாமல் பாதம் வீங்கிச் சுட்டாலும் போங்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கும் ஒரு கோளாறு உண்டு, 1936-லேயே சர்க்கரையோடு சேர்த்து எழுதப்பட்டது. அதற்கும் மாவுக்கட்டுதான்.

ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். சென்னையில் பேராசிரியர் எம். விசுவநாதன் 1954-இல் இராயபுரத்தில் தொடங்கிய மருத்துவமனை, நாக்பூரின் ஷரத் பெண்ட்சே போன்றவர்கள் எல்லாம் நம் நாட்டுப் பாதத்துக்கு ஏற்ற வழிகளைத் தேடியிருக்கிறார்கள். நம் நாட்டுப் பாதம் தனி ரகம். வெள்ளைக்காரர் பிரச்சினை இறுக்கமான பூட்ஸ். நம் பிரச்சினை வெறுங்கால். சித்திரை வெயிலில் உச்சிப் பொழுதில் கோயில் பிரகாரத்தைச் சுற்றுவது, தோட்டத்தில் முள், வார் நழுவி விழுந்ததே தெரியாமல் ஒற்றைக் கால் ஹவாய் செருப்போடு வீடு வந்து சேர்வது. பக்திக்கு நான் எதிரி அல்ல. சாமி கும்பிடக் காலை ஆறு மணிக்கும் கோயில் திறந்துதான் இருக்கிறது.

ஆறிய புண்ணும் திரும்ப வரும். பத்துப் பேரில் நான்கு பேருக்கு ஒரே ஆண்டுக்குள் திரும்பி வருகிறது என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. லாரிக்காரர் தம்பி, இதை உனக்காகத்தான் எழுதினேன். கட்டுப் பிரித்த அன்றே பழைய செருப்பைத் தேடாதே. தினமும் ராத்திரி உன் வீட்டம்மாவைப் பாதத்தைப் பார்க்கச் சொல், உன் கண்ணை நம்பாதே.

பால் பிராண்ட் 2003 ஜூலை 8-இல் அமெரிக்காவில் இறந்தார். அவர் அம்மா எவ்லின் மட்டும் இங்கேயே இருந்துவிட்டார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைகளை விடாமல் மட்டக் குதிரையில் ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்து, 95 வயதில், 1974-இல் கண்மூடினார். வாழவந்தியில் கணவர் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். மலைக்கு அடிக்கடி போகிற நம் பிள்ளைகள் யாரிடமாவது அந்த இடத்தின் படம் இருந்தால் கீழே போடுங்கள். நான் கடைசியாகப் போனபோது கையில் கேமரா இல்லை.